புதுச்சேரிக்குச் சுதந்திர நாள் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பிரெஞ்சு தேசிய நாளுக்கு முந்தின ஜூலை 13 ராத்திரி கடற்கரைச் சாலையில் சொல்தாக்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்ம ஊர்க்காரர்கள்) விளக்கேந்திப் போகிற ஊர்வலத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திட்டி வந்தவை, பாராட்டி வந்தவை, வாட்ஸப்பில் வந்ததை அப்படியே அச்சடித்து அனுப்பி "இது உண்மையா" என்று கேட்டவை என எல்லாம் கலந்து கிடக்கிறது. முடிந்தவற்றுக்கு இங்கே பதில்.

ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1, மூன்று நாளும் கொடியேற்றுகிறார்கள். புதுச்சேரிக்கு உண்மையான சுதந்திர நாள் எது? பள்ளி வினாடி வினாவில் நான் ஒன்று எழுத, டீச்சர் வேறொன்று சொன்னார்.
— ம., பத்தாம் வகுப்பு, லாஸ்பேட்டை

நீ என்ன எழுதினாய் என்று சொல்லவே இல்லையே தம்பி! சரி, மூன்றில் எதை எழுதியிருந்தாலும் மார்க் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

1947 ஆகஸ்ட் 15 அன்று கடலூரில் மூவர்ணக் கொடி ஏறியபோது, எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம், புதுச்சேரியில், பறந்ததும் மூவர்ணக் கொடிதான், ஆனால் அது பிரான்ஸ் நாட்டுடையது. அதற்கப்புறம் ஏழு வருஷம் இழுத்தது. 1954-இல் ஜூன் மாதம் ஏனாம் கைமாறியது, ஜூலையில் மாஹே. அந்த வருஷம் அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. ஊர் ஜனம் மொத்தமும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டுப் பேர் ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் அது நடைமுறைக்கு மட்டும்தான். ஒப்பந்தத்தில் 1956 மே 28 அன்று கையெழுத்தானது, பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று முடிக்க அல்ஜீரிய விடுதலைப் போரெல்லாம் ஓய வேண்டியிருந்தது. சட்டப்படி நாம் இந்தியா ஆனது 1962 ஆகஸ்ட் 16.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நாங்கள் இன்று முதல் சுதந்திரம்" என்று யாரும் மேடையேறி நமக்காக ஒரு பிரகடனத்தை வாசிக்கவே இல்லை. ஓட்டு, ஒப்பந்தம், கையெழுத்து என்று எல்லாமே ஆபீஸ் வேலையாக முடிந்துவிட்டது. அதனால்தான் எந்த நாள் என்று இன்னும் அடித்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் இல்லையே, ஜூலை 4 என்று ஒரே நாளில் 56 பேர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்களே?
— ரா. சு., நெல்லிக்குப்பம்

அங்கேயும் குழப்பம்தான் ஐயா. பிரிட்டனை விட்டுப் பிரிவது என்று பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபைக்கு அந்தப் பெயர்) ஓட்டுப் போட்டு முடிவெடுத்தது 1776 ஜூலை 2. இனிமேல் ஜூலை 2-ஐத்தான் ஊரே கொண்டாடப் போகிறது என்று ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதமே எழுதிவிட்டார், பாவம். ஜெஃபர்சன் எழுதிக் கொடுத்த சுதந்திரப் பிரகடன வாசகத்தை அடித்துத் திருத்தி ஏற்றுக்கொண்ட நாள்தான் ஜூலை 4. அன்று ராத்திரியே அச்சுக்குப் போன தாளில் அந்தத் தேதி இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. தோலில் அழகாக எழுதிய பிரதியில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல், சிலர் அதற்கும் பின்னால்.

அடித்த வரிகளில் ஒன்று முக்கியம். அடிமை வியாபாரத்தைப் பற்றி அரசர் மீது ஜெஃபர்சன் ஒரு குற்றச்சாட்டு எழுதியிருந்தார், அதைக் காங்கிரஸ் மொத்தமாக எடுத்துவிட்டது. எழுதிய ஜெஃபர்சனோ தன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அமெரிக்க சுதந்திரப் போர் நம்ம கடலூரில்தான் முடிந்தது என்று கல்லூரியில் படிக்கும் என் பேரன் சொல்கிறான். ரீல் விடுகிறானா?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கடலூர் முதுநகர்

பேரனுக்கு என் சார்பில் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள் சார். பெரும்பகுதி உண்மை.

1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. அங்கே கூட்டு என்றதும் இங்கே ஆங்கிலேயர் உடனே புதுச்சேரியை முற்றுகையிட்டு அதே வருஷம் அக்டோபரில் பிடித்துவிட்டார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கொட்டியதில் தொடங்கிய தகராறு இந்தத் தெருக்களுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1782-இல் பிரெஞ்சுக்காரர்கள், ஹைதர் அலியின் ஆட்கள் துணையோடு, உங்கள் கடலூரைப் பிடித்தார்கள். ஹைதர் அந்த வருஷக் கடைசியில் செத்துப்போனார். 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை கடலூரை மீட்க வந்தது, உள்ளே இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. தேவனாம்பட்டினம் கோட்டையை 1758-லேயே பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்துத் தள்ளிவிட்டிருந்தார், அதனால் இந்தச் சண்டை அந்தக் கோட்டைக்காக இல்லை, நீங்கள் இருக்கிற முதுநகர்ப் பக்கத்துப் பழைய ஊர் மதிலுக்காக. ஜூன் 13 அன்று ஒரே நாள் சண்டையில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் செத்தோ அடிபட்டோ விழுந்தார்கள். ஆங்கிலேயர் தரப்பு என்றால் வெள்ளைக்காரர் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள் சிப்பாய்களாக இருந்தார்கள்.

கடலில் ஜூன் 20. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் 15 கப்பலோடு வந்தார், ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ் 18 கப்பலோடு நின்றார். குறைவாக வைத்திருந்த சுஃப்ரென் கை ஓங்கியது, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். 25-ஆம் தேதி பிரெஞ்சுப் படை வெளியே வந்து அடித்துப் பார்த்துத் தோற்றது. இன்னும் எத்தனை நாள் இழுத்திருக்குமோ, அதற்குள் ஜூன் கடைசியில் சமாதானக் கொடியோடு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. பிரிட்டனும் பிரான்சும் வெர்சாய் நகரில் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அதில் சேதி. எப்போது போட்டார்கள்? ஜனவரி 20! ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே சண்டை முடிந்துவிட்டது. அது தெரியாமல் இங்கே ஜூன் மாத வெயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள்.

பேரன் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம்: கடலூரில் நின்றவர் யாரும் அமெரிக்கர் இல்லை. அமெரிக்கா ஆரம்பித்து வைத்த போரின் கடைசிச் சண்டை என்றால் சரி. பிலடெல்பியாவில் ஒரு தாளை வாசித்த ஏழாவது வருஷம் அதன் கடைசிப் பிணங்கள் விழுந்த இடங்களில் ஒன்று நம்ம கடற்கரை. அந்தத் தாளில் இருந்த 'எல்லா மனிதரும்' என்ற வார்த்தைக்குள் இந்தச் சிப்பாய்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

உலகின் முதல் மனித உரிமைப் பிரகடனம் பாரசீக மன்னர் சைரஸ் வெளியிட்டது என்று ஒரு தகவல் வந்தது. அனுப்பியிருக்கிறேன், பார்க்கவும்.
— கோ., பண்ருட்டி

பார்த்தேன். 1879-இல் பாபிலோனில் கிடைத்த களிமண் உருளை அது, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1971-இல் ஈரான் அரசு அதன் நகல் ஒன்றை ஐ.நா.வுக்குக் கொடுத்ததிலிருந்துதான் இந்தப் பட்டம் பரவியது. படித்தால், ஜெயித்த ராஜா ஒருவர் தன்னைத்தானே புகழ்ந்து எழுதிக்கொண்ட கல்வெட்டு மாதிரிதான் இருக்கிறது, நம்ம மெய்க்கீர்த்தி இல்லையா, அந்த வகை. உங்கள் தகவலில் இருந்த 'அடிமை முறையை ஒழித்தார்' என்ற வரி உருளையில் இல்லை. யாரோ பின்னால் சேர்த்தது. நல்ல ராஜாவாக இருந்திருக்கலாம். ஆனால் ராஜா மனது வைத்துக் கொடுப்பதற்குச் சலுகை என்று பெயர்.

இங்கிலாந்தின் மேக்னா கார்ட்டா?
— அதே கடிதத்தில்

அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனம் அது, 1215 ஜூன் 15. பத்தே வாரத்தில் போப்பாண்டவர் செல்லாது என்று சொல்லிவிட்டார். பின்னால் வந்த அரசர்கள் மறுபடி மறுபடி வெளியிட்டதால்தான் பிழைத்தது.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த பிரெஞ்சுக்காரன் நம்மை மட்டும் ஏன் அடிமையாக வைத்திருந்தான்? இதைக் கேட்டால் எங்கள் வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியப்பா கோபித்துக்கொள்கிறார்.
— வி., முத்தியால்பேட்டை

பெரியப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம், முதல் தேதி பென்ஷன் வந்த பிறகு காட்டுங்கள்.

1789 ஆகஸ்ட் 26 அன்று பாரிசில் ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தில் 17 பிரிவுகள். மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள், அப்படியே இருக்கிறார்கள் என்பது முதல் பிரிவு. சொத்து புனிதமானது, அதை யாரும் தொடக் கூடாது என்பது கடைசிப் பிரிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அடிமைகள், ஏனென்றால் அன்றைய சட்டத்தில் அவர்கள் மனிதரா சொத்தா என்பதே கேள்வி. கரும்புத் தோட்டக்காரர்கள் கடைசிப் பிரிவைப் படித்தார்கள். இன்று ஹைட்டி என்று சொல்கிற தீவில் இருந்த அடிமைகள் முதல் பிரிவைப் படித்தார்கள், 1791-இல் கலகம் வெடித்தது. 1794-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது, 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார், மறுபடி 1848-இல்தான் முடிவாக ஒழிந்தது. ஹைட்டிக்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவ் ஊரில் தங்கள் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார்கள், அதையும் பிரெஞ்சிலேயே எழுதினார்கள். அதற்கு பிரான்ஸ் போட்ட பில் 1825-இல் வந்தது: இழந்த சொத்துக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க். பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அந்த 'சொத்து' என்பதில் தங்கள் உடம்பும் அடக்கம், அதை விடுதலை ஆனவர்களே கட்ட வேண்டும்! வட்டிக்குக் கடன் வாங்கித் தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலில் ஐரோப்பிய மாதிரி சப்பாத்து போட்டுக்கொண்டு இங்கே நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்பது வழக்கம், நீதிபதி அபராதம் விதித்தார். வேறு யாராவது இருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டுச் செருப்பை வாசலில் விட்டிருப்பார்கள். இவர் பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்துவிட்டு வந்தார். யோசித்துப் பாருங்கள், அவர் கையில் இருந்தது துப்பாக்கி இல்லை, அவர்களே எழுதிய சட்டம். "நீ எழுதினாயே, படி" என்று காட்டினார், அவ்வளவுதான். பின்னால் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையின்படி சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வருகிறேன் என்று அறிவித்தவர்களில் அவரும் ஒருவர். அப்படித் துறப்பவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், அவர் எடுத்த பெயர் லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். உங்கள் முத்தியால்பேட்டையிலேயே இப்படிப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் மாட்டிய வீடுகள் இருக்கும், வாசல் பலகையைப் பாருங்கள்.

ஆனால் துறந்த பிறகும் எல்லாரும் சமமாகிவிடவில்லை. ஓட்டுரிமை நம்ம ஆண்களுக்கு, கடலூர்ப் பக்கம் நினைத்தே பார்க்காத காலத்திலேயே, இங்கே வந்துவிட்டது. வந்ததும் வாக்காளர் பட்டியலைப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, துறக்காதவருக்கு ஒன்று. பட்டியலில் தலை எண்ணிக்கை குறைந்தவனுக்கு நாற்காலி எண்ணிக்கை குறையாதபடி பார்த்துக்கொண்டார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் எட்டு மணி நேர வேலை கேட்டு நின்ற தொழிலாளர்களைச் சுட்டார்கள், 12 பேர் செத்தார்கள். என் அப்பா வேறொரு மில்லில் நெசவு வேலை பார்த்தவர், அந்த 1936-ஐச் சொல்லும்போது எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார், சுவருக்குக் காது இருக்கிற மாதிரி. அப்போது பிரெஞ்சுக்காரன் போயே இருபது வருஷம் ஆகியிருந்தது.

பெரியப்பாவுக்காக ஒன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிய பாரதி 1908 முதல் பத்து வருஷம் எழுத முடிந்தது இந்தப் பிரெஞ்சு மண்ணில்தான். 1918 நவம்பர் 20 அன்று எல்லையைத் தாண்டினார், பிடித்துக் கடலூர்ச் சிறையில் போட்டார்கள். அதிக தூரம்கூட இல்லை. அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். (இன்று அதே எல்லையைக் கடலூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தாண்டுவது வேறு வகைச் சுதந்திரத்துக்காக. முள்ளோடை பக்கம் போனால் தெரியும்.)

எல்லாப் பிரகடனத்திலும் 'மனிதன்', 'சகோதரன்' என்றே இருக்கிறதே, பெண்களை யாராவது நினைத்தார்களா?
— த. மு., திருப்பாதிரிப்புலியூர்

நினைத்த ஒருத்தியின் தலையை வெட்டினார்கள் அம்மா. ஒலிம்ப் த கூஜ் என்று ஒரு நாடக ஆசிரியை. 1789 பிரகடனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரிவுக்குப் பிரிவு, அதே 17, 'மனிதன்' வந்த இடத்திலெல்லாம் பெண்ணைக் கொண்டுவந்து 1791-இல் பெண் உரிமைப் பிரகடனம் ஒன்றை எழுதினார். கொலைமேடை ஏற எங்களுக்கு உரிமை உண்டென்றால் பேச்சுமேடை ஏறவும் உண்டு என்பது அதில் பத்தாவது பிரிவில் வருகிறது. 1793 நவம்பரில் அவரை முதல் மேடையில்தான் ஏற்றினார்கள். பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-இல்.

1948-க்கு வந்தால் கொஞ்சம் ஆறுதல். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் எழுதுகிற ஆணையத்துக்கு எலினார் ரூஸ்வெல்ட் தலைவர், இந்தியா அனுப்பியவர் ஹன்சா மேத்தா. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் இந்தியப் பெண்கள் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேசியக் கொடியைக் கொடுத்தவரும் இவரே. முதல் பிரிவில் எல்லா ஆண்களும் என்று பொருள்படுகிற ஆங்கில வார்த்தை இருந்தது. அதற்கு எல்லா மனிதரும் என்றுதான் அர்த்தம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மா விடவில்லை. எங்கள் ஊர்களில் அதை அப்படியே ஆண்கள் என்றுதான் எடுப்பார்கள் என்று மல்லுக்கட்டி மாற்றவைத்தார். 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் 48 நாடுகள் ஆதரிக்க, எதிர்ப்பு இல்லாமல், 8 நாடுகள் ஒதுங்கி நிற்க அது நிறைவேறியது. ஒதுங்கி நின்றவற்றில் தென்னாப்பிரிக்கா ஒன்று, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் அந்த முதல் பிரிவு 'மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்' என்று தொடங்கும். மொழிபெயர்ப்பு கொஞ்சம் விறைப்புதான். ஆனால் 'பிறவியினர் சகலரும்' என்பதில் ஆண் வாடை இல்லை பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும். அடுத்த வாக்கியத்திலேயே 'சகோதர உணர்வு' வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதை ஹன்சா மேத்தாவாலும் தடுக்க முடியவில்லை.

இந்தியாவுக்கென்று சுதந்திரப் பிரகடனம் ஏதாவது உண்டா?
— ஜெ., அரியாங்குப்பம்

உண்டு, நாம்தான் அதைப் பெயர் மாற்றிக் கொண்டாடுகிறோம். 1947-இல் நடந்தது லண்டன் நாடாளுமன்றம் போட்ட சட்டம், ஜூலை 18 அன்று அரசர் ஒப்புதல் கொடுத்தார். நாமே சொன்னது அதற்கு முன்னால். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானித்து, 1930 ஜனவரி 26 அன்று ஊர் ஊராகக் கூடி உறுதிமொழி வாசிக்கச் சொன்னது. மக்களின் உரிமையைப் பறிக்கிற அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்று அதில் வருகிற இடம் ஜெஃபர்சன் வரியை அப்படியே நினைவுபடுத்தும். அந்தத் தேதி வீணாகக் கூடாது என்றுதான் 1950-இல் குடியரசு நாளை ஜனவரி 26-இல் வைத்தார்கள்.

இப்படி வரியை எடுத்து ஆள்வது தப்பில்லை. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் வியட்நாம் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தபோது முதலில் அமெரிக்கப் பிரகடனத்தைச் சொன்னார், அடுத்து பிரெஞ்சுப் பிரகடனத்தை. நம்ம பொன்னுத்தம்பிப் பிள்ளை செய்த அதே வேலை, கொஞ்சம் பெரிய நீதிமன்றத்தில். அங்கே தீர்ப்பு வர முப்பது வருஷம் ஆனது. சைகோனில் அப்போது வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சநஞ்சமில்லை, எங்கள் தெருவிலேயே 'சைகோன் வீடு' என்று ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரர் எந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டிருப்பார் என்று கேட்க எனக்கு வயசு போதவில்லை.

வித்தியாசமான பிரகடனம் ஒன்று சொல்லுங்கள்.
— பெயர் போடாமல், பாகூர் அஞ்சல் முத்திரையுடன்

கொரியா, 1919 மார்ச் 1. ஜப்பான் ஆட்சி. கையெழுத்திட்டவர்கள் 33 பேர். பூங்காவில் வாசிப்பதாக இருந்தது, கூட்டம் கலவரமாகிவிடக் கூடாதே என்று அவர்களில் பெரும்பாலோர் சியோலில் ஒரு உணவகத்தில் கூடி, சுதந்திரம் பெற்றுவிட்டோம் என்று அறிவித்துவிட்டு, தாங்களே போலீசுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வந்து பிடித்துக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவில் காத்திருந்து பார்த்த மாணவர்கள், பெரியவர்களைக் காணோம் என்றதும் தாங்களே வாசித்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது.

எங்கள் தெருவில் ஒருவர் காரில் 'மனித உரிமை' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு, டோல்கேட்டில் காசு கொடுக்காமல் போகிறார். ஐ.நா. பிரகடனத்தில் அதற்கு இடம் உண்டா?
— பொ., மஞ்சக்குப்பம்

30 பிரிவையும் மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன், டோல்கேட் வரவில்லை.

உங்களுக்கு நிஜமாகவே போலீசோ அரசு அதிகாரியோ அநியாயம் செய்திருந்தால் பலகைக்காரரிடம் போக வேண்டாம். 1993-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த தேசிய ஆணையமும் மாநில ஆணையமும் இருக்கின்றன. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

1962-இல் என் தாத்தா 'ஒப்சியோன்' போடவில்லை. அவர் தம்பி போட்டார். அந்தக் குடும்பம் இன்று பாரிசில், நாங்கள் இங்கே. தாத்தா தப்பு செய்துவிட்டாரா?
— எஸ்., வில்லியனூர்

தெரியாதவர்களுக்காக: 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அதைத்தான் ஒப்சியோன் என்பார்கள். சில ஆயிரம் பேர் போட்டார்கள், மிச்சப் பேர் போடவில்லை. இந்த ஊருக்கு ஒரு பெரிய பிரகடனம் கிடைக்கவில்லை என்று முதல் பதிலில் சொன்னேன் இல்லையா, அதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு சின்னச் சின்னப் பிரகடனம் கிடைத்தது, ஒற்றைத் தாளில்.

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்காரர் அந்தத் தாளை எழுதி, மடித்து, சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். போடலாமா வேண்டாமா என்று தினமும் சாயங்காலம் எடுத்துப் பார்ப்பார், மறுபடி வைப்பார். வயலை யார் பார்ப்பது என்று ஒரு நாள், பிள்ளைகள் படிப்பு என்று மறுநாள். ஆறு மாதம் ஓடிவிட்டது. கடைசி நாள் அன்று மாட்டுக்குப் பிரசவ வலி, மனிதர் தொழுவத்தை விட்டு வரவே இல்லை. கன்று நல்லபடியாகப் பிறந்தது, கிடேரி. அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள் பாட்டி என்று கேட்டேன்.

"பிரான்சு" என்றார்.